தோன்றா எழுவாய்

கத்தலான் வகுப்பின் முதல் நாளில் எங்கள் ஆசிரியை பலகையில் இரண்டு பத்திகளாக எழுதினார். இடப்பக்கம் நான், நீ, அவர் என்று தொடங்கும் ஆறு சொற்கள். வலப்பக்கம் ‘பேசு’ என்ற வினையின் ஆறு வடிவங்கள்: பார்லு, பார்லஸ், பார்ல, பர்லெம், பர்லெவ், பார்லன். எல்லோரும் நோட்டில் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு டஸ்டரை எடுத்து இடப்பக்கத்தை முழுக்க அழித்துவிட்டு, “இனிமேல் இவை தேவைப்படாது” என்றார்.

வகுப்பில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம்தான் தாய்மொழி. இங்கிலாந்திலிருந்து ஓய்வுபெற்று வந்த ஒருவர், பார்சிலோனாக்காரரை மணந்துகொண்ட ஓர் அமெரிக்கப் பெண், இரண்டு ஐரிஷ் இளைஞர்கள். பாடமே அவர்களுக்காக வகுக்கப்பட்டதுதான். விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. எழுவாயைத் தூக்கிவிட்டு வாக்கியம் எப்படி நிற்கும் என்று அவர்கள் திகைத்தார்கள். ஆங்கிலத்தில் ‘பேசு’ என்ற வினையைத் தனியாக எடுத்துப் பார்த்தால் பேசுவது நானா, நீயா, நாங்களா என்று தெரியாது. எழுவாய்ச் சொல் ஒன்று முன்னால் நின்றே ஆக வேண்டும். எனக்கோ பள்ளிக்கூடத்துத் தமிழ் இலக்கணம் கண்முன் வந்து நின்றது. ‘பேசுகிறேன்’ என்றால் பேசுவது நான். ‘ஏன்’ விகுதி அதைச் சொல்லிவிடுகிறது. தோன்றா எழுவாய் என்று எங்கள் தமிழாசிரியர் சொல்லிக்கொடுத்தது பிரான்சும் ஸ்பெயினும் சந்திக்கும் ஒரு மூலையில் இப்படிக் கைகொடுக்கும் என்று நான் எதிர்பார்த்ததில்லை.

வேலை நிமித்தமாகப் பார்சிலோனாவில் குடியேறிய புதிதில் எல்லோரும் ஸ்பானிய மொழியைப் படியுங்கள், அது போதும் என்றார்கள். கடைத்தெருவுக்கும் அலுவலகத்துக்கும் அது போதும்தான். மகளை அரசுப் பள்ளியில் சேர்த்தபோது நிலைமை மாறியது. “அப்பா, இதுல கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க” என்று அவள் நீட்டிய சுற்றறிக்கை முழுவதும் கத்தலானில் இருந்தது. 1983-இல் வந்த மொழிச் சட்டத்துக்குப் பிறகு கத்தலோனியாவின் பள்ளிக் கல்வி படிப்படியாக அந்த மொழிக்குத் திரும்பியிருக்கிறது. குழந்தை அங்கே பிடித்துக்கொண்டு வந்து வீட்டில் பேசுகிற மொழி என்னவென்று தகப்பனுக்குத் தெரிய வேண்டாமா? கிராசியா பகுதியில், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் நடந்த மாலை வகுப்பில் சேர்ந்தேன்.

கத்தலானை ஸ்பானியத்தின் கிளைமொழி என்று நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அது சரியல்ல. இரண்டும் இலத்தீனிலிருந்து தனித்தனியே பிறந்த மொழிகள். கத்தலோனியாவில் மட்டுமல்லாமல் வலென்சியாவிலும் பலேயரிக் தீவுகளிலும் பிரான்சின் பெர்பிஞான் வட்டாரத்திலும், இத்தாலியின் சார்டினியாத் தீவில் அல்கேரோ என்ற ஊரிலும்கூட அதைப் பேசுகிறார்கள். அந்தோராவில் அது ஒன்றே ஆட்சிமொழி. நான் இங்கே தமிழெழுத்தில் தருவது பார்சிலோனா உச்சரிப்பு. அழுத்தமில்லாத ஒகரத்தை அவர்கள் உகரமாகவும், அழுத்தமில்லாத அகரத்தையும் எகரத்தையும் மங்கிய அகரமாகவும் ஒலிப்பார்கள். வகரமும் பகரமும் அவர்கள் வாயில் ஒன்றுதான்.

எழுவாயைச் சொல்லவே கூடாது என்பதில்லை. சொன்னால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். இங்கிலாந்துக்காரர் பழக்கத்தால் ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘ஜோ’ என்று, அதாவது ‘நான்’ என்று தொடங்குவார். இலக்கணப்படி பிழையில்லை. கேட்பவர் காதில் ‘நான்தான் பேசுகிறேன், நான்தான் வசிக்கிறேன், நான்தான் வேலை செய்தேன்’ என்பதுபோல் விழும். வகுப்பு முடிந்து நாங்கள் கீழே காபி குடிக்கப் போகும் இடத்தில் இதற்கு நல்ல பாடம் கிடைத்தது. பக்கத்து மேசையில் இரண்டு உள்ளூர்ப் பெரியவர்கள், பில்லை யார் கொடுப்பது என்று மல்லுக்கு நின்றார்கள். ஒருவர் மற்றவரின் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டு “பாகு ஜோ!” என்றார். ‘பாகு’ என்றாலே ‘கொடுக்கிறேன்’ என்று வந்துவிடுகிறது. அதன் பின்னால் ‘ஜோ’வைக் கொண்டுபோய் வைத்தால் ‘கொடுக்கிறது நான்தான், நீ சும்மா இரு’ என்று பொருள். ஆங்கிலத்தில் இதைப் பெரும்பாலும் குரலை உயர்த்தித்தான் காட்டுவார்கள். கத்தலான் சொல்லின் இடத்தை மாற்றிக் காட்டுகிறது. நாம் ‘தான்’ சேர்க்கிறோம். அந்த இங்கிலாந்துக்காரர் அன்றைக்கு எங்கள் காபிக்கு “பாகு ஜோ” என்று சொல்லிக் காசு கொடுத்தார். அதற்குப் பிறகு தேவையில்லாத இடத்தில் அவர் ‘ஜோ’ சொல்லி நான் கேட்டதில்லை.

வகுப்பே தடுமாறி நின்ற பாடம் ‘பிடிக்கும்’ என்பது. ஆங்கிலத்தில் நான் எழுவாய், காபி செயப்படுபொருள். நான் காபியை விரும்புகிறேன். கத்தலானில் “மக்ராத அல் கஃபே.” இங்கே காபிதான் எழுவாய். ‘ம’ என்ற சின்னஞ்சிறு முன்னொட்டு ‘எனக்கு’. ஆசிரியை இதை ஆங்கிலத்தில் புரியவைக்க, காபி எனக்கு இன்பம் தருகிறது என்கிற மாதிரி யாரும் பேசாத ஒரு வாக்கியத்தை உண்டாக்க வேண்டியிருந்தது. மாணவர்கள் தலையாட்டிவிட்டு, அடுத்த நிமிடமே காபியைச் செயப்படுபொருளாக்கிப் பேசினார்கள். எனக்கு அந்த விளக்கமே தேவைப்படவில்லை. எனக்குக் காபி பிடிக்கும். எழுவாய் இருக்க வேண்டிய இடத்தில் நான்காம் வேற்றுமை. இதைவிடத் தமிழான வாக்கியம் எது? ஒரே ஒரு வேறுபாடு, பொருள் பன்மையானால் அவர்கள் வினையும் பன்மையாகும். ஆரஞ்சுப் பழங்கள் என்றால் ‘மக்ராதன்’. நம்முடைய ‘பிடிக்கும்’ ஒன்றானாலும் பலவானாலும் அசையாது.

அந்த ஒரு வாசல் திறந்ததும் வரிசையாகப் பல வாக்கியங்கள் உள்ளே வந்தன. தலைவலியை “அம் ஃபா மால் அல் காப்” என்கிறார்கள்: எனக்குத் தலை வலிக்கிறது. ஆங்கிலேயர் தலையை உடைமையாக்கி ‘என் தலை’ என்பார். இவர்கள் ‘எனக்கு’ என்று தொடங்கிவிட்டுத் தலையைத் தனியே விடுகிறார்கள், நம்மைப் போலவே. ‘கால்’ என்று ஒரு வினை உண்டு. அதற்குத் தன்மை, முன்னிலை விகுதிகளெல்லாம் கிடையாது. “அம் கால் அஜூத” என்றால் எனக்கு உதவி வேண்டும். “கால் அஸ்துதியா” என்றால் படிக்க வேண்டும், யாருக்கு என்று சொல்லாமலே. கடையில் பை வேண்டுமா என்று கேட்டால் “நோ கால்” என்று சொல்லிவிட்டு நடக்கலாம். நம் ‘வேண்டும்’ செய்கிற வேலைகளை எல்லாம் அது ஏறக்குறைய அப்படியே செய்கிறது. ஆங்கிலப் பாடநூல் இதை ‘ஆளில்லா வினை’ என்ற தலைப்பில் விதிவிலக்காகப் போட்டிருந்தது. தமிழனுக்கு இது அன்றாடம்.

இதை வைத்து இரண்டு மொழிக்கும் உறவு தேடிக் கிளம்ப வேண்டியதில்லை. ஒன்று திராவிடம், மற்றது இலத்தீனின் பிள்ளை. ரஷ்ய மொழியிலும் இந்தியிலும்கூட இந்த ‘எனக்கு’ வாக்கியங்கள் உண்டு. உலகத்து மொழிகளில் ஆங்கிலத்தின் வழக்கமே பொது வழக்கம் என்று நம் பள்ளிக்கூடங்கள் நம்மை நம்பவைத்திருப்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இறந்தகாலப் பாடம் நடந்த மாலையை இப்போது நினைத்தாலும் தெளிவாக இருக்கிறது. அமெரிக்கப் பெண், மறுநாள் மாமியார் வீட்டில் சாப்பிடப் போகிறேன் என்று சொல்ல நினைத்து “பாச் மன்ஜா” என்றார். ‘பாச்’ என்றால் போகிறேன், ‘மன்ஜா’ என்றால் சாப்பிட. ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் ‘போ’ என்ற வினை எதிர்காலத்தைக் காட்டும். நமக்கும் சாப்பிடப் போகிறேன் என்றால் எதிர்காலம். ஆசிரியையோ, “அப்படியா? என்ன சமைத்திருந்தார்கள்?” என்று கேட்டார். ஏனென்றால் கத்தலானில் ‘பாச் மன்ஜா’ என்றால் ‘சாப்பிட்டேன்’. வினையெச்சத்தின் முன்னால் பாச், பாஸ், பா, பாம், பாவ், பான் என்று ‘போ’வின் வடிவங்களைச் சேர்த்தால் அவர்களுக்கு அது இறந்தகாலம். ‘பாச் அ காஸ’ என்றால் வீட்டுக்குப் போகிறேன். ‘பாச் அனா அ காஸ’ என்றால் வீட்டுக்குப் போனேன். போகிறேன் என்ற சொல்லோடு போக என்ற சொல்லைச் சேர்த்தால் போனேன்!

வகுப்பு முழுவதும் இதை ஒரு விபரீதமாகப் பார்த்தது. ஆசிரியை காரணம் சொன்னார். இடைக்காலத்து வரலாற்று நூல்களில், போர்க்களக் காட்சியைக் கண்முன் கொண்டுவருவதற்காக, ‘அவன் போய் வெட்டுகிறான்’ என்ற தோரணையில் எழுதும் வழக்கம் இருந்தது. நாளடைவில் அந்த விறுவிறுப்பு தேய்ந்து, ‘போய்’ என்பது வெறும் இறந்தகாலக் குறியாக நின்றுவிட்டது. நான் என் பங்குக்குத் தமிழை எண்ணிப் பார்த்தேன். பால் கெட்டுப்போனது, கண்ணாடி உடைந்துபோனது, வழக்கம் மறைந்துபோனது. நடந்து முடிந்ததை அழுத்திச் சொல்ல நாமும் ‘போ’வைத்தான் துணைக்கழைக்கிறோம். எதிர்காலத்துக்கும் அதே வினை, முடிந்ததற்கும் அதே வினை. ஒரு வினை துணைவினையாகும்போது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும் என்பதற்கு நம் பேச்சே சாட்சி. இதை வகுப்பில் சொன்னபோது ஆசிரியை ‘கெட்டுப்போனது’ என்ற சொல்லைப் பலகையில் தமிழிலேயே எழுதச் சொன்னார். எழுதினேன்.

இதோடு இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ‘பாச்’ இறந்தகாலம் நேற்றைக்கும் அதற்கு முன்புக்கும்தான். இன்று நடந்ததற்கு அதைப் பயன்படுத்த மாட்டார்கள். நேற்றுச் சோறு சாப்பிட்டேன் என்றால் “அயீ பாச் மன்ஜா அர்ரோஸ்”. இன்று சாப்பிட்டேன் என்றால் “அவுய் ஏ மன்ஜாத் அர்ரோஸ்”. இந்த வாரம், இந்த ஆண்டு என்று இன்னும் முடியாத காலத்துக்கும் இரண்டாவது வடிவமே. ஆங்கிலக்காரர்கள் காலையில் சாப்பிட்டதையும் போன வருஷம் சாப்பிட்டதையும் ஒரே வடிவத்தில் சொல்லிப் பழகியவர்கள். நாமும் அப்படித்தான். பார்சிலோனாக்காரருக்கு நள்ளிரவு தாண்டினால் வினை மாறிவிடும். இலக்கணத்துக்குள் ஒரு நாட்காட்டி இருப்பது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதை உயர்திணை, அஃறிணை அறிந்த நம் மனம் எளிதில் ஏற்பதில்லை. இதில் ஆங்கிலக்காரரும் நாமும் ஒரே படகு. பெயரடை பெயருக்குப் பின்னால் வரும். வேற்றுமை உருபுகளின் வேலையைச் செய்யும் சொற்கள் முன்னால் நிற்கும். ஆம், இல்லை என்று பதில் வேண்டும் கேள்விக்கு நாம் கடைசியில் ‘ஆ’ சேர்ப்போம். அவர்கள் பெரும்பாலும் குரலை வைத்தே கேட்பார்கள், சில சமயம் முதலில் ஒரு ‘க’ சேர்ப்பார்கள். “க போல்ஸ் கஃபே?” காபி வேணுமா? எதிர்மறைக்கு வினைக்கு முன் ‘நோ’ போட்டால் போதும். ஆங்கிலம்போல் துணைவினை தேட வேண்டாம். இவையெல்லாம் பழகப் பழக வந்துவிடும்.

பழகினாலும் லேசில் வராதவை இ, உ, அன் என்ற மூன்று சின்னச் சொற்கள். முன்பு சொன்ன இடத்துக்குப் பதிலாக இ, முன்பு சொன்ன செய்திக்குப் பதிலாக உ, முன்பு சொன்ன பண்டத்தில் ஓர் எண்ணிக்கைக்கோ ஒரு பங்குக்கோ பதிலாக அன். அங்கே போகிறாயா என்றால் “இ பாச்”. தெரியுமா என்றால் “உ சே”. எத்தனை தம்பிகள் என்றால், நாம் ‘மூன்று பேர்’ என்று முடித்துவிடுவோம். ஆங்கிலத்திலும் எண் போதும். இவர்களுக்கு “அன் திங்க் த்ரேஸ்” என்று அந்த ‘அன்’ வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வாக்கியம் பல் விழுந்த வாய் மாதிரி அவர்களுக்குத் தோன்றும்.

இதை நான் கற்றது கிராசியாச் சந்தையில். ரொட்டியில் தேய்த்துச் சாப்பிடுவதற்கென்றே சரமாகக் கட்டித் தொங்கவிடும் சிறு தக்காளி அங்கே விற்கும். கடைக்கார அம்மா “குவான்ஸ் அன் போல்ஸ்?” என்பார். அதில் எத்தனை வேண்டும்? பதில், “போஸமன் குவாத்ர.” எனக்கு அதில் நாலு போடுங்கள். ‘போஸமன்’ என்று ஒரே மூச்சில் வரும் அந்தச் சொல்லில் மூன்று சொற்கள் ஒட்டிக்கிடக்கின்றன: போடு, எனக்கு, அதில். புணர்ச்சி விதிகளோடு வளர்ந்தவர்களுக்குப் பிரித்துப் பார்க்கும் ஆசை தானாக வரும். தீர்ந்துவிட்டால் அந்த அம்மா கையை விரித்து “நோ மன் கேதன்” என்பார். எனக்கு அதில் மிச்சம் இல்லை. வாரந்தோறும் நான் அங்கே நின்று, முன்னால் நிற்பவர்கள் வாங்கி முடிக்கும்வரை அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பாடநூலின் அட்டவணையைவிட அந்த வரிசை எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது.

எங்கள் மாடிக்குக் கீழ் வீட்டில் இருந்த மூதாட்டியிடம் என் பயிற்சித்தாளை ஒருநாள் காட்டினேன். விடுபட்ட இடங்களில் இ, உ, அன் நிரப்ப வேண்டும். அவர் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துச் சரியாகச் சொன்னார். ஏன் என்று கேட்டால் தெரியவில்லை. எழுதிக்காட்டச் சொன்னபோது பேனாவை வாங்க மறுத்துவிட்டார். கத்தலானுக்குப் பள்ளியில் இடம் மறுத்த சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி 1939 முதல் 1975 வரை நீடித்தது. அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் அவர். அங்கே தம் தாய்மொழியில் ஒரு வரி எழுதியதில்லை. வீட்டிலும் சந்தையிலும் கோவிலிலும் பேசியே அந்த மொழியை வைத்திருந்தார்கள். அன்று மாலை அவர் என் தாளை நெடுநேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்நியன் ஒருவன் அவருடைய மொழியின் எழுத்தைப் பள்ளியில் கற்கிறான், அவருக்கு அது மறுக்கப்பட்டிருந்தது. எனக்கு மனம் கனத்தது.

அந்தத் தாளில் இருந்த விதிகளை ஒழுங்குபடுத்தியவர் பொம்பேவு ஃபாப்ரா. 1868-இல் பிறந்தவர், தொழிலால் பொறியாளர், பில்பாவோவில் வேதியியல் கற்பித்தவர். 1913-இல் கத்தலான் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட எழுத்து விதிகள், 1918-இல் வந்த இலக்கணம், 1932-இல் வந்த அகராதி ஆகியவை அவர் உழைப்பு. ஸ்பானிய உள்நாட்டுப் போர் முடிந்த 1939-இல் எல்லையைக் கடந்து பிரான்சுக்குப் போனார். 1948-இல் அங்கேயே பிராதா என்ற சிற்றூரில் காலமானார். அவர் இலக்கணத்தைக் கற்க வேண்டிய ஒரு தலைமுறை அதைக் கண்ணால் பார்க்காமலே முதுமையடைந்திருக்கிறது.

‘போஸ்’ என்ற முன்னிலைச் சொல்லை நான் முதலில் கேட்டதும் அந்தக் கீழ் வீட்டு மூதாட்டியிடம்தான். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். ஸ்பெயினின் ஸ்பானியத்தில் நீ, நீங்கள் என்று இரண்டு படி. கத்தலானில் மூன்று படிகள். து, போஸ், புஸ்தே. ‘எப்படி இருக்கிறாய்’ என்பது “கொம் அஸ்தாஸ்”, “கொம் அஸ்தெவ்”, “கொம் அஸ்தா” என்று மூன்றாக வரும். நீ, நீர், நீங்கள் என்று எழுதிப்பார்த்தேன், பொருந்தியது. எங்கள் தாத்தா பாட்டியை ‘போஸ்’ என்றுதான் அழைத்தோம் என்றார் அவர். இன்றைய பார்சிலோனாவில் கடைக்காரர் முதல் மருத்துவர் வரை ‘து’ போட்டுப் பேசுகிறார்கள். ‘போஸ்’ கிராமத்துப் பெரியவர்களிடமும் அரசு அலுவலகக் கடிதங்களிலும் மிஞ்சியிருக்கிறது. நம் ‘நீர்’ நெல்லைப் பக்கம் இன்னும் வாழ்கிற மாதிரி.

பார்சிலோனாவுக்குப் படிக்கவும் வேலைக்கும் போகும் தமிழர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். அவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து இரண்டு செய்திகள். உங்கள் முகத்தைப் பார்த்ததும் அங்கே எல்லோரும் மரியாதைக்காக ஸ்பானியத்துக்கு மாறிவிடுவார்கள். “பார்லம் அன் கத்தலா, சிஸ்பிளாவ்” என்று சொல்லுங்கள். என்னோடு கத்தலானில் பேசுங்கள், தயவுசெய்து. உடனே திரும்பிவிடுவார்கள், மகிழ்ச்சியோடு. கற்பவரையும் உள்ளூர்க்காரரையும் ஜோடி சேர்த்து, வாரம் ஒரு மணி என்று 10 மணி நேரம் பேசவைக்கும் தன்னார்வத் திட்டம் ஒன்றைக் கத்தலோனிய அரசு நடத்துகிறது. அதில் பெயர் கொடுங்கள். இன்னொன்று, கையில் கிடைக்கும் பாடநூல் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதன் எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழில் எழுதிப் பாருங்கள். பாதிப் பாடம் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.